ஒரே ஓட்டம், இரண்டு கணக்கு



நமது காலாண்டிதழில் விளையாட்டைப் பற்றிக் கட்டுரைகள் வரும்போது, அவை பெரும்பாலும் ஆட்டக்காரர்களைப் பற்றியே இருக்கும். அவர்கள் பக்கத்தில் ஸ்டாப்வாட்சும் டேப்பும் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அவர்கள் மேல் ஒரு தனி அபிமானம் உண்டு. செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர், தராசு என்று எது வந்தாலும், அது காட்டும் எண்ணை நம்பலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் உத்தியோகம். சுனாபட்டியில் குடியிருப்பதால் சயான், மாட்டுங்கா பக்கத்துப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களுக்கு டைம்கீப்பராகவும் பல வருஷங்கள் போய் வந்திருக்கிறேன். அந்த இரண்டு வேலைகளும் கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு, போட்டி விளையாட்டில் சரியான அளவு எப்படி வந்தது, அதனால் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று எழுத முயல்கிறேன்.

நம் பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஆகவே ஒரு விநாடி என்பது இன்றைய கடிகாரத்தில் 24 செகண்டு. முகூர்த்தம் பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் நான் சொல்லப்போகும் முதல் ஓட்டம் அந்தக் கணக்கில் முழுசாக இரண்டு விநாடிகூட நடக்கவில்லை. அந்த இரண்டு விநாடிக்குள் நடந்ததைப் பற்றி 38 வருஷம் கழித்தும் வாதம் நடந்தது.

ரோம் நகரில் நடந்தவை

1960-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி, ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டம். நமது மில்கா சிங் நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5 செகண்டு, மில்கா சிங்குக்கு 45.6 என்று அறிவித்தார்கள். பத்தில் ஒரு செகண்டில் வெண்கலப் பதக்கம் போயிற்று என்பது அன்று முதல் நம் வீடுகளில் பேசப்பட்டுவரும் கதை.

அந்த ஓட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அன்று மைதானத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர்களைத் தவிர, மின்சாரக் கடிகாரத்துடன் இணைந்த ஃபோட்டோ ஃபினிஷ் காமிராவும் இருந்தது. அதன்படி ஸ்பென்ஸின் நேரம் 45.60, மில்கா சிங்கின் நேரம் 45.73. முதலாவதாக வந்த அமெரிக்காவின் ஓடிஸ் டேவிஸ், இரண்டாவதாக வந்த ஜெர்மனியின் கார்ல் காஃப்மன் இருவருக்கும் ஸ்டாப்வாட்சில் 44.9. இருவருமே உலக சாதனை செய்ததாகப் பதிவாயிற்று. காமிராவில் பார்த்தால் டேவிஸ் 45.07, காஃப்மன் 45.08. தங்கம் யாருக்கு என்பதைத் தீர்மானித்தது அந்தப் படம்தான்.

அதே ஒலிம்பிக்கில், இதற்குப் பத்து நாள் முன்பு நீச்சல் குளத்தில் வேறொரு விபரீதம் நடந்திருந்தது. 100 மீட்டர் நீச்சலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்ஸன் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். டெவிட்டுக்கு மூன்று ஸ்டாப்வாட்சுகளும் 55.2 என்று காட்டின. லார்ஸனுக்கு 55.0, 55.1, 55.1. கடிகாரப்படி லார்ஸன்தான் முதல். ஆனால் அந்தக் காலத்து விதிப்படி இடத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, நடுவர்களின் கண். அவர்களுக்குள் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கத்தைக் கொடுத்தார். அதோடு விடவில்லை, லார்ஸனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். தீர்ப்புக்குப் பொருந்தாத அளவையே திருத்திவிட்டார்கள்! என் தொழிற்சாலையில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும்.

இந்தச் சர்ச்சைதான் நீச்சலில் மின்சாரத் தொடுபலகை வருவதற்கு ஒரு முக்கிய காரணம். வீரரின் கை பட்டவுடன் கடிகாரம் தானாக நின்றுவிடும். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அது வந்தது.

ஸ்டாப்வாட்ச் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

ரோமில் ஓடிய நால்வருக்கும் ஸ்டாப்வாட்ச் நேரம் காமிரா நேரத்தைவிடக் குறைவாகவே இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். இது தற்செயல் அல்ல. டைம்கீப்பராக நின்றவர்களுக்கு இதன் காரணம் சுலபமாகப் புரியும்.

தொடக்கத் துப்பாக்கி வெடித்தால், சத்தத்தைக் கேட்டு வாட்சை அமுக்கக் கூடாது. புகையைப் பார்த்து அமுக்க வேண்டும் என்பது முதல் பாடம். ஒலி ஒரு செகண்டில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் ஓட்டத்தில் முடிவுக்கோட்டில் நிற்பவர் காதில் சத்தம் விழுவதற்குள் ஏறக்குறைய 0.3 செகண்டு போய்விடும். நல்ல ஓட்டக்காரர் முழு வேகத்தில் அந்த நேரத்தில் மூன்று மீட்டர் தாண்டிவிடுவார். சரி, புகையைப் பார்த்தே அமுக்குகிறோம். கண் பார்த்து விரல் அசைவதற்கும் கொஞ்சம் நேரம் ஆகும். ஆக, வாட்ச் ஓட ஆரம்பிப்பதே தாமதம். முடிவில் கதை வேறு. ஓடி வருகிறவரை நாம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கோட்டைத் தொடும் கணத்தை மனசு முன்கூட்டியே எதிர்பார்த்துவிடுவதால், நிறுத்துவதில் அந்தத் தாமதம் இருப்பதில்லை. தாமதமாக ஆரம்பித்து, சரியாக நிறுத்தினால் நேரம் குறைவாகத்தான் வரும். எவ்வளவு நேர்மையான டைம்கீப்பராக இருந்தாலும் இது நடக்கும்.

இதனால்தான் ஒருவர் வாட்சை நம்பாமல் மூவரை நிறுத்துவார்கள். இருவர் ஒத்துப்போனால் அதுவே கணக்கு. மூன்றும் வேறு வேறானால் நடுவில் உள்ளது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் முள் தாண்டி நின்றால் அடுத்த பங்குக்கு ஏற்றிவிட வேண்டும், இறக்கக் கூடாது. ஸ்டாப்வாட்ச் நேரத்தையும் மின்சார நேரத்தையும் ஒப்பிட வேண்டி வந்தால், 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு 0.24 செகண்டும், 400 மீட்டருக்கு 0.14 செகண்டும் ஸ்டாப்வாட்ச் நேரத்துடன் கூட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. மில்கா சிங்கின் 45.6-உடன் 0.14 கூட்டினால் 45.74. காமிரா காட்டியது 45.73. அன்று ரோமில் வாட்ச் பிடித்தவர்கள் தங்கள் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஃபோட்டோ ஃபினிஷ் காமிராவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இது சாதாரணப் படம் எடுப்பதில்லை. முடிவுக்கோட்டை மட்டும் ஒரு மெல்லிய இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஃபிலிம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் படத்தில் இடமிருந்து வலமாகப் போவது தூரம் அல்ல, நேரம். அதனால்தான் அதில் கை கால்கள் சில சமயம் விநோதமாக நீண்டும் வளைந்தும் தெரியும். ஒருவர் மார்பு எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் அவர் நேரம். தலையும் கையும் காலும் கணக்கில் சேராது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கிலேயே இத்தகைய காமிரா இருந்தது. ஆனாலும் குறுகிய தூர ஓட்டங்களின் உலக சாதனைக்கு மின்சார நேரம் மட்டுமே செல்லும் என்று சர்வதேசத் தடகளச் சங்கம் விதித்தது 1977 ஜனவரி 1 முதல்தான்.

இரண்டு லட்ச ரூபாய்

மில்கா சிங்கின் நேரம் நம் தேசிய சாதனையாக நெடுங்காலம் நின்றது. அதை முறியடிக்கும் இந்தியருக்கு இரண்டு லட்ச ரூபாய் தருவதாக அவர் அறிவித்திருந்தார். 1998-ல் கல்கத்தாவில் பரம்ஜித் சிங் என்ற ஓட்டக்காரர் 45.70 செகண்டில் ஓடினார். இது மின்சார நேரம். இதற்குள் பதிவுப் புத்தகத்தில் மில்கா சிங்கின் நேரமும் 45.73 என்று மாற்றப்பட்டிருந்தது. ஆகவே சாதனை முறிந்தது என்று அறிவித்தார்கள். மில்கா சிங் ஒப்புக்கொள்ளவில்லை. தன் நேரம் 45.6 என்றார்; சாதனையை வெளிநாட்டில் நடக்கும் போட்டியில்தான் முறியடிக்க வேண்டும் என்றும் சொன்னார். பணம் தர மறுத்துவிட்டார்.

இந்த விஷயத்தில் அந்நாளில் பலரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு பேசினார்கள். கருவிகளுடன் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு இருவர் மேலும் அனுதாபம்தான். 45.6 என்பது பொய்யல்ல. அது ரோமில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட எண். ஒரு மனிதர் 38 வருஷம் தன் பெயருடன் சேர்த்துச் சொல்லிக்கொண்ட எண்ணை, எங்கோ ஓர் அலுவலகத்தில் மாற்றி எழுதினால் மனசு ஒப்புமா? பரம்ஜித்தின் 45.70-உம் பொய்யல்ல. தப்பு எங்கே என்றால், ஒரு வகை அளவில் எடுத்த எண்ணை இன்னொரு வகை அளவில் எடுத்த எண்ணுடன் நேராகப் பொருத்தியதில். படியால் அளந்த அரிசியையும் கிலோவால் நிறுத்த அரிசியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட முடியுமா? இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 45.74 என்று வைத்தாலும் சரி, 45.73 என்று வைத்தாலும் சரி, அந்த நியாயப்படி பரம்ஜித்தின் ஓட்டமே வேகமானது.

பரம்ஜித் பிறகு 2000-ல் 45.56 ஓடி வாதத்தை முடித்துவைத்தார். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கே.எம். பினு 45.48 ஓடினார். 2025 ஆகஸ்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நம் தமிழகத்து டி.கே. விஷால் 45.12 ஓடித் தேசிய சாதனை படைத்தார். அவர் நேரத்தைப் பற்றி யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்கவில்லை.

நாலு விரற்கடை

பி.டி. உஷாவை நினைக்காமல் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது. 1984 ஆகஸ்ட் 8-ந் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே அந்த வருஷம்தான். மொராக்கோவின் நவல் எல் முத்தவக்கில் 54.61-ல் முதலாவது, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20-ல் இரண்டாவது. மூன்றாவது ருமேனியாவின் கிரிஸ்தியானா கொஜோகாரு, 55.41. நாலாவது உஷா, 55.42.

நூறில் ஒரு செகண்டு என்றால் எவ்வளவு? உஷாவின் சராசரி வேகப்படி ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நம் ஊர் அளவில் நாலு விரற்கடை. 400 மீட்டர் ஓடி, பத்துத் தடைகளைத் தாண்டி, கடைசியில் நாலு விரல் அகலம்! கடைசி அடியில் மார்பை முன்னால் தள்ளியிருந்தால் பதக்கம் வந்திருக்கும் என்று அன்று முதல் இன்றுவரை பேசப்படுகிறது.

ஸ்டாப்வாட்ச் காலமாக இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே நேரம் வந்திருக்கக்கூடும். அப்போது நடுவர் கண்ணுக்கு யார் முதலில் தெரிந்தாரோ அவருக்குப் பதக்கம். ஒரு சமயம் உஷாவுக்கே கிடைத்திருக்கலாம். கிடைக்காமல் போயிருந்தாலோ, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நாற்பது வருஷமாகப் புலம்பிக்கொண்டிருப்போம். துக்கம் நமக்கு இன்றும் இருக்கிறது, புகார் இல்லை. மில்கா சிங்குக்கு இரண்டு எண்கள் இருந்தன, அதனால் வாதம் வந்தது. உஷாவுக்கு ஒரே எண்தான். சரியான அளவு தோற்றவருக்குச் செய்யும் உபகாரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தன் தோல்வியை யார் மேலும் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்ள அது வழிசெய்கிறது.

நுட்பத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1972-ல் ம்யூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சலில் ஸ்வீடனின் குன்னார் லார்ஸன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் நூறில் ஒரு பங்கு வரை ஒரே நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, 0.002 செகண்டு வித்தியாசத்தில் லார்ஸனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். பிறகுதான் யோசித்தார்கள்: குளத்தின் ஒவ்வொரு தடமும் அந்த அளவுக்கு ஒரே நீளமாகக் கட்டப்பட்டிருக்கிறதா? கட்டவே முடியாது. ஆகவே நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு, அதிலும் சமமானால் இருவருக்கும் பதக்கம் என்று விதியை மாற்றினார்கள். தளமே சரியில்லாதபோது கடிகாரம் மட்டும் சூட்சுமமாக இருந்து என்ன பயன்? எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லும் விஷயம் இது.

காற்றுக்கும் கணக்கு

தாண்டுதலில் டேப் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பின்னாலிருந்து காற்று அடித்தால் தாண்டுகிறவருக்கு லாபம். ஆகவே செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று உதவினால், அந்தத் தாண்டல் போட்டியில் செல்லும், சாதனையாகச் செல்லாது என்பது விதி. தாண்டும் பலகைக்கு 20 மீட்டர் முன்னால், ஓடுபாதைக்கு அருகே, 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானி வைத்து 5 செகண்டு அளப்பார்கள். 1968-ல் மெக்ஸிகோவில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினாரே, அன்று காற்று மிகச் சரியாக 2.0. அவர் விழுந்த இடம் புதிதாக வாங்கி வைத்திருந்த ஒளியியல் கருவிக்கு எட்டாமல் போய், பழைய இரும்பு டேப்பைக் கொண்டுவந்து அளந்தார்கள் என்பது ரசமான செய்தி.

இந்த விதி நம் பக்கத்துப் பையன் ஒருவரைச் சோதித்தது. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2022 ஏப்ரலில் கேரளத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.36 தாண்டி இரண்டாவது. ஆனால் தேசிய சாதனை என்று பதிவானது ஸ்ரீசங்கரின் 8.36-தான். அவர் தாண்டியபோது காற்று 1.5, ஜெஸ்வின் தாண்டியபோது 4.1. தங்கம் ஒருவருக்கு, சாதனை மற்றவருக்கு. இருவருக்கும் அதில் மனத்தாங்கல் வர நியாயமில்லை, ஏனென்றால் விதி முன்பே எழுதியிருந்தது. ஜெஸ்வின் மறு வருஷம் மார்ச்சில் பெல்லாரியில், காற்றின் உதவி எல்லைக்குள் இருக்கும்போதே 8.42 தாண்டித் தேசிய சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

முரளியின் முழங்கை

கிரிக்கெட் இல்லாமல் நம் உறுப்பினர்கள் விடமாட்டார்கள். அதில் அளவைப் பற்றிய மிகப் பெரிய வழக்கு, கண்டியைச் சேர்ந்த தமிழர் முத்தையா முரளிதரனுடையது. 1995 டிசம்பர் 26-ந் தேதி மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர், அவர் பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ பால் கொடுத்தார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுவதுமாக நிமிராது. வளைந்த கை வேகமாகச் சுழலும்போது, அது நிமிர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் சோதித்து, அது கண்ணின் மயக்கம் என்று சொன்னார்கள். ஆனாலும் 1999-ல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் மறுபடியும் நோ பால் கொடுத்தார்.

2004-ல் அவருடைய 'தூஸ்ரா' பந்து சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. மீண்டும் அதே பல்கலைக்கழகம். உடம்பில் அடையாளப் புள்ளிகள் ஒட்டி, பல காமிராக்கள் வைத்து அளந்ததில் முழங்கை 14 டிகிரி நிமிர்ந்தது. பயிற்சிக்குப் பின் சுமார் 10 டிகிரியாகக் குறைந்தது. அப்போது சுழற்பந்து வீச்சாளர்களுக்கு அனுமதி 5 டிகிரிதான். இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் முரளி குற்றவாளி. ஆனால் அதே கருவிகளை மற்றவர்கள் பக்கமும் திருப்பிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. கை சுத்தமானது என்று உலகம் நம்பிய வேகப்பந்து வீச்சாளர்கள் உட்பட, ஏறக்குறைய எல்லோருமே முழங்கையைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் வீசுகிறார்கள்! வெறும் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். 2005 மார்ச் முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளர்களுக்கும் 15 டிகிரி என்று ஒரே எல்லை வைத்தார்கள்.

முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் ஒருவர் கையை மட்டும் அளந்துவிட்டு, மற்றவர்கள் கையை அளக்காமல் விட்டதுதான் முதலில் நடந்த அநியாயம். எல்லோரையும் அளந்த பிறகே எல்லை எது என்று தெரிந்தது. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் முரளி ஓய்வு பெற்றார். 2011 ஏப்ரல் 2-ந் தேதி நம் மும்பை வான்கடேயில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டமே அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம்.

இத்தகைய சோதனைக்கூடம் ஒன்று சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது என்பதை உறுப்பினர்கள் பெருமையுடன் அறியலாம். 2014-ல் ஐ.சி.சி. அதை அங்கீகரித்தது. பாகிஸ்தானின் முகமது ஹஃபீஸும் மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைனும் 2015-ல் அங்கே வந்து பந்து வீசிக் காட்டினார்கள்.

மும்பைத் தெருவில் 42 கிலோமீட்டர்

2004 பிப்ரவரி 15-ந் தேதி முதல் மும்பை மாரத்தான் நடந்தது. இப்போது ஜனவரி மாதத்தில் நடக்கிறது. வி.டி. ஸ்டேஷன் எதிரில் கிளம்பி, மரைன் டிரைவ், பெடர் ரோடு ஏற்றம், வொர்லி என்று போகும் அந்த ஓட்டத்தில் நம் சங்கத்து இளைஞர்களும் சிலர் வருஷா வருஷம் ஓடுகிறார்கள். தூரம் 42.195 கிலோமீட்டர். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ஸர் அரண்மனையிலிருந்து ஸ்டேடியத்தில் ராஜ குடும்பத்தார் உட்கார்ந்திருந்த மேடை வரை இருந்த தூரம் அது. 1921-ல் அதுவே நிலையான அளவாயிற்று.

வளைந்து வளைந்து போகும் நகரத் தெருவில் இதை எப்படி அளப்பது? காரின் மீட்டரும், செல்போனும், கையில் கட்டும் ஜி.பி.எஸ். வாட்சும் இதற்கு உதவாது. இன்றும் சைக்கிளால்தான் அளக்கிறார்கள் என்றால் பலர் நம்பமாட்டார்கள். முன் சக்கரத்தில் 'ஜோன்ஸ் கவுண்டர்' என்ற எண்ணி பொருத்தியிருக்கும். முதலில் இரும்பு டேப்பால் துல்லியமாக அளந்த நேர்ச்சாலையில் சைக்கிளை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுவார்கள். பிறகு பாதையை அளப்பார்கள். அன்றே மறுபடியும் நேர்ச்சாலைக்கு வந்து சரிபார்ப்பார்கள். ஏனென்றால் வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரிந்து சக்கரத்தின் சுற்றளவு மாறிவிடும். நம் மும்பை வெயிலில் கேட்கவே வேண்டாம். திருப்பங்களில் நடைபாதை ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியாகத்தான் அளக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சேர்த்துக் கோடு போடுவார்கள். அதாவது மாரத்தானில் 42 மீட்டர் கூடுதலாகவே இருக்கும். ஓடிக் களைத்தவருக்கு அந்த 42 மீட்டர் பெரிய விஷயம்தான். ஆனால் தூரம் குறைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1981-ல் நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்டோ ஸலஸார் 2 மணி 8 நிமிஷம் 13 செகண்டில் ஓடி உலகிலேயே சிறந்த நேரம் என்று கொண்டாடப்பட்டார். பிற்பாடு அளந்து பார்த்ததில் பாதை சுமார் 150 மீட்டர் குறைவு. அவர் பங்குக்கு அவர் குறை வைக்காமல் ஓடியிருக்கிறார். அளந்தவர்கள் குறை வைத்துவிட்டார்கள். சாதனை போய்விட்டது.

கொசுறு யாருக்கு?

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் முள் இடையில் நின்றால் நேரத்தை ஏற்ற வேண்டும். தாண்டல் முழு சென்டிமீட்டராக இல்லாவிட்டால் தூரத்தை இறக்க வேண்டும். சாலையை அளந்தால் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். மூன்றிலும் சந்தேகத்தின் நஷ்டம் வீரருக்குத்தான். காய்கறிக்காரர் தராசுத் தட்டு வாங்குபவர் பக்கம் சற்றுத் தாழ்ந்து, மேலே இரண்டு மிளகாய் கொசுறும் விழுகிறதே, அந்த மரியாதை மைதானத்தில் சாதனை செய்தவருக்குக் கிடையாது. கேட்டால் கடுமையாகத் தோன்றும். ஆனால் இந்தக் கடுமைதான் சாதனைக்கு மதிப்பைக் கொடுக்கிறது. பதிவான நேரத்தைவிட அவர் வேகமாக ஓடியிருக்கலாம், மெதுவாக ஓடியிருக்க முடியாது என்று எவரும் சத்தியம் செய்து சொல்லலாம்.

வீட்டில் விளையாட்டில் ஆர்வமுள்ள குழந்தைகள் இருந்தால், பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. அவர்கள் ஓடிய நேரத்தைப் பெருமையுடன் சொல்லும்போது, எந்தக் கடிகாரம், யார் பிடித்தது, மைதானத்தை அளந்தார்களா என்று அன்பாக விசாரியுங்கள். குழந்தையைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. நாளைக்குப் பெரிய போட்டியில் மின்சாரக் கடிகாரம் கால் செகண்டு கூடுதலாகக் காட்டும்போது, தான் மோசமாக ஓடிவிட்டோம் என்று அது மனம் உடைந்துபோகாமல் இருப்பதற்காக. மும்பையிலும் மற்ற ஊர்களிலும் பள்ளி விளையாட்டு விழாக்களில் டைம்கீப்பர்களுக்கு எப்போதும் பஞ்சம்தான். ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் முன்வந்தால் பள்ளிகள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். வேண்டியது நல்ல கண்பார்வை, ஒரு தொப்பி, பக்கத்தில் நிற்பவர் வாட்சை எட்டிப் பார்க்காத சுபாவம், இவ்வளவுதான்.